மணி சொல்லும் பாத்தி: பெயர்வழி நடுகை குறித்துக் கல்முனைக் கரைக்கான ஓர் ஆய்வு

பூச்செடிகளைப் பாத்தியில் எந்த ஒழுங்கில் நடுவது என்பதில் உலகத்தில் மூன்று கட்சிகள் உண்டு: நிறத்தைப் பார்த்து நடுவோர், உயரத்தைப் பார்த்து நடுவோர், அயல் வீட்டாரின் வளவைப் பார்த்து நடுவோர். மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என நீளும் அம்பாறைக் கரையில் மூன்றாம் கட்சிக்கே செல்வாக்கு அதிகம். ஒரு மதிலுக்கு மேலால் கொப்பு ஒன்று கை மாறினால், அடுத்த மழைக்குள் ஒழுங்கை முழுவதும் ஒரே பூ. இக்கட்டுரை நான்காவது கட்சியொன்றுக்காக வாதாடுகிறது: செடியின் பெயரைப் பார்த்து நடுவோர் கட்சி. அதன் கொள்கை சுருக்கமானது. பாத்திக்கு உகந்த பெயர் என்பது முற்றத்தில் நின்றபடியே மெய்யா பொய்யா என்று சோதிக்கக்கூடிய பெயர். அப்படிப்பட்ட பெயர்களுள் நேரத்தைச் சொல்பவை தலையானவை. அந்த நேரமும் சுவர்க்கடிகாரத்தின் நேரமாக இராமல் வெயிலின் நேரமாக இருத்தல் வேண்டும்.

மேல்நாட்டில் பெயர்வழி நடுகை ஒரு பெரும் தொழில். பயிரிடும் தாவரங்களுக்குப் பெயரிடும் சர்வதேச விதித்தொகுப்பு 1953 இல் முதன்முதலாக வெளிவந்தது. புதிய வகைகளுக்கு லத்தீனில் பெயர் வைக்க 1959 முதல் இடமில்லை. பெயர் 30 எழுத்துகளைத் தாண்டவும் கூடாது. இந்த வேலிக்குள் நின்றுகொண்டு எதையும் சூட்டலாம். ஒரு நாள் மட்டுமே மலரும் டேலிலிப் பூவுக்கு மட்டும் பல்லாயிரம் பெயர்கள் பதிவாகியுள்ளன. ஆனால் இவை விற்பதற்காக வைத்த பெயர்கள், சோதிப்பதற்காக வைத்தவை அல்ல. பிரான்சின் மெய்யான் குடும்பத்தார் உருவாக்கிய மஞ்சள் ரோசா ஒன்றுக்கு 1945 இல் அமெரிக்காவில் ‘பீஸ்’, அதாவது சமாதானம், என்று பெயர் சூட்டினார்கள். அந்த ரோசாவின் முள்ளும் மற்ற ரோசாக்களின் முள்ளைப் போலவே குத்துகிறது. பெயருக்கும் செடிக்கும் இடையில் ஓர் உடன்படிக்கையும் இல்லை.

தமிழில் நிலைமை வேறு. தொட்டாச்சுருங்கியைத் தொட்டால் சுருங்கும். வழக்கு அங்கேயே தீர்ந்தது. கடற்கரை மணலில் படரும் ஆட்டுக்கால் அடம்பின் இலையை ஆட்டின் குளம்போடு ஒப்பிடலாம். இக்கரையின் தெருக்களில் ஒப்பீட்டுக்கான ஆடு எப்போதும் கிடைக்கும். அதே மணலில் நிற்கும் இராவணன் மீசைப் புல்லுக்கு இந்த வசதி இல்லை. மூல மீசையைக் கண்ட சாட்சி எவரும் உயிரோடு இல்லாததால் அது தேர்விலிருந்து நீக்கப்படுகிறது. அடம்பையும் பாத்தியில் சேர்க்க முடியவில்லை. இலையின் உருவத்தால் வந்த பெயரை ஒருமுறை சோதித்தால் அதோடு வேலை முடிந்துவிடும். நேரத்தால் வந்த பெயரோ ஒவ்வொரு நாளும் பரீட்சைக்கு வருகிறது. பத்துமணிப் பூ, அந்திமந்தாரை, இரவுராணி ஆகிய மூன்றும் இவ்வகையின. மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்தும் அதன் தீவுகளிலிருந்தும் வந்து குடியேறியவை; மூன்றுமே வந்த இடத்தின் பொழுதுக்குப் பழகிக்கொண்டவை. நான்காவதான நித்தியகல்யாணி, மடகாஸ்கரைச் சேர்ந்தது, எப்போதும் பூப்பேன் என்கிறது. ‘எப்போதும்’ என்பதைச் சோதித்து முடிக்க எந்த ஆய்வாளருக்கும் ஆயுள் போதாது என்பதால் அதற்குப் பாத்தியின் ஓரம் ஒதுக்கப்படுகிறது.

பத்துமணிப் பூவின் பெயரே எமது முக்கியச் சான்று. அந்தப் பெயர் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் பொய்த்துப் போயிருந்தது. மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1996 மே மாதத்தில் இலங்கையின் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே வந்தன. பழைய நேரம் முழுமையாகத் திரும்பியது 2006 ஏப்ரலில். மணியை மாற்றிய சுற்றறிக்கைகளின் பிரதி பூக்களுக்கு அனுப்பப்படவில்லை. ஆகவே முதல் ஐந்து மாதங்கள் அது பதினொரு மணிப் பூவாகவும், அடுத்த ஒன்பதரை ஆண்டுகள் பத்தரை மணிப் பூவாகவும் வாழ்ந்தது. அந்திமந்தாரைக்கு இந்த அவமானம் நேரவில்லை. ‘அந்தி’ என்பதில் எண் எதுவும் இல்லாததால் அரசாங்கத்தால் அதை நகர்த்த முடியவில்லை. அதே செடியை மலையாளிகள் நாலுமணிப்பூ என்கிறார்கள். அவர்கள் இலங்கையில் இருந்திருந்தால் 1996 இல் அதையும் திருத்த நேர்ந்திருக்கும். மணி மாறாவிட்டாலும் சிக்கல் உண்டு. கல்முனை, கொழும்புக்கு ஏறத்தாழ இரண்டு பாகை கிழக்கே இருப்பதால் இங்கே வெயில் எட்டு நிமிடம் முந்துகிறது. பத்து மணி என்பது கொழும்புப் பூவுக்கு உண்மையானால் கல்முனைப் பூவுக்கு எட்டு நிமிடப் பொய்.

இந்த நகரங்களில் வெயிலின் நேரத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. முஸ்லிம்களின் ஐந்து வக்தும், அதாவது ஐந்து தொழுகை நேரங்களும், வெயிலைக் கொண்டே கணிக்கப்படுகின்றன. 1996 இல் கடிகாரம் மாறியபோது தொழுகை அட்டவணையின் எண்கள்தாம் மாறின, நிழலின் நீளம் மாறவில்லை. எனவே பாத்தியை வக்தின் வரிசையில் வகுப்பதே முறை. காலை வெயில் முதலில் விழும் கடற்பக்கத்து அந்தத்தில் பத்துமணிப் பூ. அது சரியாக முற்பகல் தொழுகையான ளுஹாவின் பொழுதில் விரிகிறது. அடுத்து, பிற்பகல் அஸருக்குப் பின்னும் அந்தி மஃரிபுக்கு முன்னும் கண் விழிக்கும் அந்திமந்தாரை. இரவு இஷாவுக்குப் பின் மணக்கும் இரவுராணி கடைசியில். நண்பகல் தொழுகையான ளுஹருக்கு ஆள் தேடினால் ஹிந்தியில் நண்பகலின் பெயரால் துப்பஹரியா எனப்படும் சிவப்புப் பூச்செடி ஒன்று உண்டு. அது ஈரத்தை விரும்புவதால் மணல் வளவில் அதன் எதிர்காலம் ஐயத்துக்குரியது. அந்தியில் மலரும் பீர்க்குக்குத் தகுதி இருக்கிறது, காயும் கறிக்கு ஆகும். ஆனால் பெயரில் நேரம் இல்லாததால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

பூக்கள் விரியும் நேரத்தால் மணி சொல்லும் பூக்கடிகாரம் 1751 இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் எழுதிய பழைய யோசனைதானே, அதுவே சரிவர நடக்கவில்லையே என்று ஒருவர் தடுக்கலாம். குற்றம் பூக்களுடையது அன்று, அவருடைய ஊரான உப்சாலாவுடையது. அங்கே கோடையில் பகல் பதினெட்டு மணித்தியாலத்தைத் தாண்டும், மாரியில் ஆறாகச் சுருங்கும். எந்தப் பூவும் குழம்பிப் போகும். கல்முனையில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையில் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசம் இல்லை. லின்னேயஸ் சரியான யோசனையைத் தவறான ஊரில் வைத்துக்கொண்டிருந்தார். பூவுக்கு உள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறதே, வெயில் எதற்கு என்பது இன்னொரு தடை. 1729 இல் பிரெஞ்சு அறிஞர் டி மேரான் தொட்டாச்சுருங்கி வகைச் செடியை இருட்டில் வைத்தபோதும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் மடிந்தது உண்மை. ஆனால் அந்த உட்கடிகாரத்தைத் தினமும் சரிசெய்து கொடுப்பது வெயிலே. அமைச்சரவைக்கு அதில் பங்கில்லை.

வலுவான தடை மழையிலிருந்து வருகிறது. ஐப்பசி தொட்டுத் தை வரை மாரி கொட்டும்போது பத்துமணிப் பூ பகல் முழுதும் வாய் திறப்பதில்லை. இதை மறுப்பதற்கில்லை. கச்சான் காற்று வீசி மணல் கொதிக்கும் மாதங்களில் மட்டும் பாத்தி உழைக்கும், மாரியில் அதற்கு விடுமுறை என்று கொள்க. இரவுராணிக்குப் பாம்பு வரும் என்ற அச்சத்துக்குப் படுக்கையறை யன்னலிலிருந்து தள்ளி நடுவதே பதில். பாம்பு வந்தாலும் வராவிட்டாலும், அதன் கடும் மணத்தால் தலைவலி வராது. ‘மாமியார் நாக்கு’ என்று விற்கப்படும் மேற்காபிரிக்கச் செடியைச் சேர்க்கலாமே என்பார்க்கு ஒரு விளக்கம். பெயர் சோதிக்கத்தக்கதுதான். ஆனால் கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே மாப்பிள்ளை மனைவி வீட்டுக்கு வந்து வாழ்வதே வழமை. வளவு மாமியுடையது, பாத்திக்கான அனுமதியும் அவருடையது, பகல் சோறும் அவர் கையால் வருவது. இந்நிலையில் பக்கச்சார்பற்ற சோதனை சாத்தியமில்லை.

எஞ்சியிருப்பது ஒரு பெயர்த் திருத்தம். கொள்கைப்படி பார்த்தால் பத்துமணிப் பூவை ‘ளுஹாப் பூ’ என்று மாற்ற வேண்டும். அப்படி மாற்றினால் அவசரத்தில் அதை ‘ளுஹர்ப் பூ’ என்று கேட்பவர் இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்து, மூடத் தொடங்கும் பூவைப் பார்த்துவிட்டுக் கொப்பு தந்தவரை ஏசுவார். எட்டு நிமிடப் பொய்யைத் திருத்தப்போய் இரண்டு மணித்தியாலப் பொய்யை நடுவது ஆய்வுக்கு அழகல்ல. ஆகவே பழைய பெயரே நிற்கட்டும் என்று இக்கட்டுரை பரிந்துரைக்கிறது, ஒரு நிபந்தனையோடு: இனி நாட்டின் மணியை மாற்ற நினைக்கும் எந்த அரசாங்கமும் பத்துமணிப் பூ வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு மாதம் முன்னதாக அறிவித்தல் கொடுக்க வேண்டும்.