பாரிசுக்குக் குடவோலை

ஐரோப்பாவில் ஓட்டல் ரூம் பிடிப்பதற்கு உத்திரமேரூர்க்காரனைவிடத் தகுதியான ஆள் உலகத்தில் கிடையாது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். யாரைச் சேர்க்கலாம், யாரை வாசற்படி மிதிக்கவிடக் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிற ஊர் எங்களுடையது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டியது. ஊரை 30 குடும்பாகப் பிரித்து, ஊர் நிர்வாகம் பார்க்கும் வாரியங்களுக்குக் குடும்புக்குக் குடும்பு தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத சின்னப் பையன் ஒருவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஜனநாயகத்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் தலைவர்கள் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். ஓட்டல் தேடவும் இந்தச் சட்டம் உதவும் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் எங்கள் இருவருக்கும் பாரிசுக்கு விமான டிக்கெட் போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டாள். "ரூம் மட்டும் நீங்க பாத்துக்கோங்கப்பா" என்றாள். அந்த 'மட்டும்' என்ன விலை என்று லேப்டாப்பைத் திறந்த பிறகுதான் தெரிகிறது.

பாரிசும் குடும்பு பிரித்த ஊர்தான். 1860 முதல் 20 வட்டாரங்கள். லூவ்ர் அருங்காட்சியகம் இருக்கும் நடு ஊர்தான் ஒன்று. அங்கிருந்து எண்கள் பிரதட்சிணமாகச் சுற்றிச் சுற்றி வெளியே போகின்றன. பின்கோடின் கடைசி இரண்டு இலக்கம்தான் வட்டார எண். 75007 என்றால் ஏழு, 75010 என்றால் பத்து. 'ஈஃபிள் கோபுரத்துக்கு அருகில்' என்று ஓட்டல்காரன் போட்டிருந்தால் நான் போட்டோவைப் பார்ப்பதே இல்லை. நேரே பின்கோடுக்குப் போகிறேன். 92, 93 என்று தொடங்கினால் அது பாரிசே இல்லை, பக்கத்து மாவட்டம். உத்திரமேரூர் ரோட்டில் பிளாட் போட்டு 'சென்னைக்கு மிக அருகில்' என்று விற்கிற ஆட்கள் அங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார்கள்.

கல்வெட்டின் முதல் தகுதி நிலம். வாரியத்துக்கு வர வேண்டுமானால் வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். இன்றைய கணக்கில் கால் வேலி ஒன்றரை ஏக்கரைத் தாண்டும். பிரான்சு அரசாங்கமும் ஓட்டலுக்கு நட்சத்திரம் கொடுக்க ஓர் அளவு வைத்திருக்கிறது. ஒரு நட்சத்திர ஓட்டலில் இரண்டு பேர் தங்கும் அறை 9 சதுர மீட்டர் இருந்தால் போதும். சுமார் 97 சதுர அடி. அதில் இரட்டைக் கட்டில் போட்டது போக மிச்சம் இருக்கிற இடத்தில் பெட்டியைத் திறந்தால் நாம் கட்டில் மேல் ஏறிக்கொள்ள வேண்டும். நாம் இறங்கினால் பெட்டியை மூட வேண்டும். நான் அறையின் பரப்பளவு போடாத ஓட்டல்களை எல்லாம் முதல் சுற்றிலேயே தள்ளிவிட்டேன். அளவு சொல்லாதவனுக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி அளவு இல்லை.

இரண்டாவது வயசு. 919-ல் 30-லிருந்து 60 வரை என்று வெட்டியவர்கள், இரண்டே வருஷத்தில் அதை 35-லிருந்து 70 என்று மாற்றிவிட்டார்கள். அறுபதைத் தாண்டிய யாரோ ஒரு பெரிய மனுஷர் விடாமல் மல்லுக்கு நின்றிருக்கிறார் என்பது என் ஊகம். ஓட்டலுக்கு வயசு தடையில்லை. பாரிசில் பாதிக் கட்டடம் நம் கொள்ளுத்தாத்தா வயசு. மராமத்து எப்போது நடந்தது என்பதுதான் கேள்வி. கடந்த மூன்று வருஷத்துக்குள் பதவி பார்த்தவர் மறுபடி வர முடியாது என்கிறது கல்வெட்டு. நான் அதைத் திருப்பிப் போட்டேன்: மூன்று வருஷத்துக்கு முந்தைய பாராட்டு செல்லாது.

லிஃப்ட் விஷயத்தில் பராந்தகன் மௌனம் சாதிக்கிறான். அதனால் அந்த விதியை என் மனைவி எழுதினாள். பழைய ஆறு மாடிக் கட்டடங்களில் மாடிப்படி சுற்றி ஏறுகிற நடு இடுக்கில் பிற்பாடு ஒரு லிஃப்டைச் செருகியிருக்கிறார்கள். ஒரு ஆள் போகலாம், அல்லது ஒரு பெட்டி போகலாம். "பெட்டி போகட்டும், நான் படியில வரேன்னு சொல்றதுக்கு எனக்கு முட்டி இருக்கணுமே" என்றாள். ஏசி இருக்க வேண்டும் என்று நான் சொன்னபோது எதிர்வீட்டு வாத்தியார் சிரித்தார். "ஐரோப்பாவுல எதுக்கு சார் ஏசி? சுவெட்டர் எடுத்துப் போங்க." 2019 ஜூலை 25-ந் தேதி பாரிசில் 42.6 டிகிரி செல்சியஸ் அடித்தது. நம் கத்திரி வெயிலுக்குச் சளைத்ததில்லை. மலிவான ஓட்டல்கள் பலவற்றில் ஏசி கிடையாது. வாத்தியாரிடம் சொன்னேன், அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு இட்லிக்கு மாறினார்.

இட்லிதான் கடைசியில் வட்டாரத்தை முடிவு செய்கிற விஷயம். ஏழாம் வட்டாரத்தில் ஜன்னலைத் திறந்தால் கோபுரம் தெரிகிற அறை ஒன்றை நான் ஆசையோடு காட்டினேன். விலையைப் பார்த்த மனைவி, "ஏங்க, ஜன்னல்ல தெரிஞ்சாத்தான் கோபுரமா? போய்ப் பாத்துட்டு வந்தா பத்தாதா?" என்றாள். கணக்குப்படி அவள் சொன்னதுதான் சரி. மெட்ரோவில் ஊருக்குள் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், 2025-ல் இரண்டரை யூரோ. கோபுரத்தடியில் படுப்பதற்கு ராத்திரிக்கு ராத்திரி கொடுக்கிற அதிகப்படிக் காசில் எத்தனையோ தடவை போய் வரலாம். பார்க்க வேண்டியது விமான நிலையத்திலிருந்து வருகிற ஆர்இஆர் பி ரயில் எங்கே நிற்கிறது என்பதைத்தான். வடக்கே பத்தாம் வட்டாரத்தில் கார் து நோர் ஸ்டேஷன், தெற்கே பதினாலில் தாம்ஃபேர் ரோஷ்ரோ. பெட்டியோடு ரயில் மாறாமல் இறங்கலாம்.

கார் து நோருக்கும் லா ஷாப்பெல்லுக்கும் நடுவில் ஃபோபூர் சேன் தெனி தெரு நெடுகத் தமிழ்க் கடைகள். 1983-க்குப் பிறகு வந்து சேர்ந்த ஈழத்தமிழர்கள் உண்டாக்கிய இடம். 'லிட்டில் ஜாஃப்னா' என்றே பெயர். கறிவேப்பிலை, முருங்கைக்காய், பட்டுப்புடவை, தாலிக்கொடி, கொத்து ரொட்டி எல்லாம் கிடைக்கும். 1985-ல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயமும் பக்கத்தில்தான்; ஆகஸ்டு கடைசி வாக்கில் தேர் வரும்போது பாரிஸ் ரோட்டில் சிதறுதேங்காய் உடைக்கிறார்கள். ஜேப்படிக்காரர்களுக்கும் கார் து நோர் ஸ்டேஷன் பேர்போனது. திருவிழாக் கூட்டத்தில் இடுப்பில் பணத்தைச் செருகிக்கொண்டு வளர்ந்தவர்களுக்கு அது ஒரு பயமா?

விசா பற்றி ஒரு வார்த்தை. 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, அதோடு ஒவ்வொரு ராத்திரியும் எங்கே படுப்பாய் என்பதற்கு அத்தாட்சி. விசா வருமா என்று தெரியாமலே ரூம் போட வேண்டும். ஆகவே ரத்து செய்தால் காசு திரும்ப வருகிற அறையாகப் பார்த்துப் போடுவதுதான் புத்தி. மலிவாக இருக்கிறதே என்று திரும்ப வராததைப் போட்டால் தூதரகமும் ஓட்டலும் ஆளுக்கொரு பக்கம் கைவிரிக்கும். தலைக்கு, ராத்திரிக்கு என்று நகராட்சி வரி ஒன்றும் உண்டு. பெரும்பாலும் அதை ஓட்டலில் போய்த்தான் கட்ட வேண்டும்.

தள்ளுபடி போக நின்ற ஓட்டல்களைச் சீட்டில் எழுதிப் பித்தளைச் சொம்பில் போட்டேன். கல்வெட்டில் சொன்னபடி முதலில் காலிச் சொம்பை எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினேன். பக்கத்து வீட்டுப் பொடியன் எடுத்த சீட்டை, சட்டப்படி, ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கினேன். பதினாலாம் வட்டாரம் வந்தது. மனைவிக்கு முகம் வாடிவிட்டது. மறுசீட்டுக்குக் கல்வெட்டில் இடமில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதே வாட்ஸ்அப் அடித்தது.

பேசியது அவளுடைய பெரியம்மா பிள்ளை. பாண்டிச்சேரியிலிருந்து போய்ப் பாரிசுக்கு வடக்கே சார்செல்லில் குடியிருப்பவர். "ஓட்டலா? நான் ஒருத்தன் இங்க இருக்கறப்ப ஓட்டலா? மாப்ள, வீட்டுக்கு வந்துடுங்க. தங்கச்சிகிட்ட சொல்லுங்க, தெனம் மீன் குழம்பு."

நான் போனை மூடிவிட்டு எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னேன். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் போடவே கூடாது என்கிறது கல்வெட்டு. செங்கல்பட்டுப் பக்கம் சேர்ந்து மனை வாங்கலாம் என்று இவர் என்னிடம் வாங்கிப் போன பணத்துக்கு இன்றுவரை கணக்கு வரவில்லை. ஆகையால் அவர் வீடு தள்ளுபடி.

"கணக்குக் காட்டாதவரோட சொந்தக்காரங்களையும் சேக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"ஆமாம். சித்தி பிள்ளை, பெரியம்மா பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை எல்லாரையும் வரிசையா வெட்டி வெச்சிருக்கான்."

"அப்ப அவரோட சித்தி பொண்ணு நானும் தள்ளுபடி. நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. பதினாலாம் வட்டாரத்துல இட்லி கெடைக்குதான்னு பாத்துச் சொல்லுங்க."

பத்தாம் வட்டாரத்தில், லிஃப்டும் ஏசியும் உள்ள, ரத்து செய்தால் காசு திரும்ப வருகிற அறையாகப் பார்த்துப் போட்டிருக்கிறேன். சாயங்காலச் சாப்பாடு சார்செல்லில்.