கரும்பலகையின் வலது மூலை

நான் படித்த மேல்நிலைப் பள்ளியைப் பாராட்டி நாலு வரி எழுத வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. சொல்லிக்கொடுத்த பாடம் முப்பது வருடம் கழித்தும் பிள்ளைகளின் உடம்பில் ஊறிக் கிடந்தால், ஒரு பள்ளிக்கு அதைவிட வேறு பெருமை என்ன? அல்ஜீப்ரா எனக்கு மறந்துவிட்டது. முகலாயர் வரிசை மறந்துவிட்டது. அந்தப் பாடம் மட்டும் மறக்கவில்லை.

1992இல் நான் ஏழாம் வகுப்பு. எங்கள் லீடரை சார்தான் தேர்ந்தெடுத்தார். ஓட்டு கீட்டு எதுவும் கிடையாது; வகுப்பிலேயே உயரமானவன் அவன். சார் வெளியே போனதும் அவன் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையின் வலது மூலையில் ‘பேசியவர்கள்’ என்று எழுதி அடிக்கோடு இழுப்பான். கீழே பெயர்கள். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. ஒருநாள் என் பெயருக்கு மூன்று குறி விழுந்தது. “வகுப்பை ஏன் பொம்பளப் புள்ளைங்க மட்டும் கூட்டணும்?” என்று அவனிடம் கேட்டேன். முதல் தடவை பெயர் ஏறியது. பதில் வராததால் மறுபடி மறுபடி கேட்டேன், குறிகள் ஏறின.

சார் திரும்பி வந்தார். என்ன பேசினாய் என்று கேட்கவில்லை. சினிமாக் கதை பேசியவனுக்கும் எனக்கும் ஒரே ஸ்கேல், ஒரே எண்ணிக்கை. அப்படி ஆள் பார்க்காத நேர்மையைப் பிறகு எந்த அலுவலகத்திலும் நான் கண்டதில்லை. அடுத்த பீரியடு குடிமையியல். பேச்சுரிமை அடிப்படை உரிமைகளில் ஒன்று என்று எழுதிப் போட்டார். சிவந்த கையோடு பிழையில்லாமல் எழுதிக்கொண்டேன். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது, முழு மதிப்பெண்.

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கருக்கு ஆசிரியராக இருந்தவர் ஜான் டூயி. ஜனநாயகத்தையும் கல்வியையும் பற்றி அவர் எழுதிய நூல் 1916இல் வெளியானது. ஜனநாயகத்தை அவர் ஆட்சிமுறைக்குள் அடைத்துவிடவில்லை. மனிதர்கள் அன்றாடம் கூடிப் பழகும் விதத்தில் அதைத் தேடினார். பள்ளிக்கூடமே அந்தப் பழக்கத்துக்கான இடமாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார். பிள்ளை புத்தகத்தில் படித்ததை விட்டுவிடும், நாள்தோறும் செய்து பழகியதை விடாது. இந்த உண்மைக்கு எங்கள் பள்ளியைவிட உறுதியான சாட்சி எனக்குத் தெரியாது. புத்தகத்தில் வாரத்துக்கு இரண்டு பீரியடு பேச்சுரிமை. கரும்பலகையில் தினமும் எட்டு பீரியடு மௌனம். எது நிலைத்தது என்று எங்கள் ஊரிலேயே பார்க்கலாம்.

அந்த 1992 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் அரசியலமைப்பின் 73ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. அதையொட்டித் தமிழ்நாட்டில் 1994இல் ஊராட்சிகள் சட்டம் வந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். வரவு செலவைக் கேட்கலாம், பயனாளிகள் பட்டியலைக் கேட்கலாம். எம்.எல்.ஏ.வை அனுப்பிவிட்டு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டியதில்லை, நேரே எழுந்து கேட்கலாம்.

அப்படி ஒரு கிராம சபை, அக்டோபர் 2 அன்று. ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் பந்தல். கூட்டம் தொடங்கும் முன்பே கையெழுத்து நோட்டு வரிசையாகச் சுற்றி வந்தது. 3,000 பேருக்கு உட்பட்ட ஊர் என்பதால் குறைந்தது 100 பேர் வேண்டும். 100 நாள் வேலைக்குப் போகிற பெண்களே பாதிக்கு மேல் இருந்தார்கள். செயலர் தீர்மானங்களை வாசித்தார். “ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க” என்று நிறுத்தினார். என்னோடு படித்தவர்கள் அங்கே பதினைந்து பேராவது இருந்தோம். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எங்கள் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிற தாய்மார்களும் அங்கே இருந்தார்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டம். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். அவர்களும் அதே பள்ளியில் படித்தவர்கள்தான்.

தண்ணீர்த் தொட்டி மோட்டாரைப் பழுதுபார்த்த செலவை வாசித்தபோது தெற்குத் தெரு அக்கா ஒருவர் எழுந்தார். “ரெண்டு மாசமா அந்த மோட்டாரே ஓடலைங்களே, ரிப்பேரு பார்த்ததா பில்லு எப்படிங்க வந்துச்சு?”

பக்கத்தில் இருந்தவர்கள் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். “உக்காருக்கா.” முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்து, “அது யாரு?” என்று கேட்டார். யாரோ பெயர் சொன்னார்கள். பேனா வைத்திருந்தவர் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். அந்தத் தாளைப் பார்த்ததும் என் உள்ளங்கை குறுகுறுத்தது. மோட்டார் ஓடவில்லை என்று எனக்கும் தெரியும். தினமும் அந்தத் தொட்டியைத் தாண்டித்தான் பஸ் ஏறுகிறேன். தலையைக் குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின.

சாயங்காலம் கடைத்தெருவில் அக்கா என்னை நிறுத்தினார். “நீங்க படிச்ச புள்ள தம்பி. ஒரு வார்த்தை எந்திரிச்சுச் சொல்லியிருக்கலாமில்ல?”

அக்கா ஆடு மேய்த்து வளர்ந்தவர், எங்கள் பள்ளி வாசலை மிதித்ததே இல்லை. நான் அங்கே ஏழு வருடம் படித்தேன்.