38 ஊசிக் கணக்கு

வாரும் மருமவனே, உக்காரும். எம்.ஏ. படிச்ச காலு இப்ப எப்பிடி இருக்கு? காலையில நாய் கடிச்ச எடத்துல மொளகாப் பொடியும் சுண்ணாம்பும் அப்பிக்கிட்டு வந்து நின்னீரே, குழம்பு கூட்டப் போறீராக்கும்னு உம்ம அத்தை நெனச்சிட்டா. எவனோ போன்ல அனுப்புனானாம். அனுப்புனவன நாய் கடிச்சிருக்காது வே.

நான் கைநாட்டு. குழாயத் தொறந்துவிட்டு சோப்பப் போட்டுக் கழுவும்னேன். ரெண்டு நிமிசத்துல "போதுமா மாமா"ன்னீரு. 15 நிமிசம் வே! கல்யாணத்தன்னைக்குக் கண்ணாடி முன்னால நின்ன நேரத்துல பாதிகூட வராது. வெறிக்கிருமி கடிவாயிலருந்து நரம்பப் புடிச்சு மூளைக்குப் போவுது. போவுறதுக்கு முன்னாலயே சோப்புத் தண்ணி நெறையக் கிருமியக் கழுவித் தள்ளிரும். மொளகாப் பொடிக்குப் புண்ணுதான் ரணமாவும். மூளைக்குப் போய்ச் சேந்துட்டா, எந்த டாக்டர் வந்தும் ஆவாது.

பெறவு ஊசின்னதும் வயித்தப் புடிச்சீரு. தொப்புளச் சுத்தி 14 ஊசியாம்! அது எங்க காலத்துச் சங்கதி. ஆட்டு மூளையில செஞ்ச மருந்து. நிறுத்தி 20 வருசத்துக்கு மேல ஆவுது. இப்ப கையிலதான், அதுவும் சர்க்கார் ஆஸ்பத்திரியில காசில்லாம. இந்தச் சேதிய மட்டும் உமக்கு ஒருத்தனும் போன்ல அனுப்பலியோ?

சீட்டக் குடும். 0, 3, 7, 28ன்னு போட்டிருக்கா? கூட்டிப் பாத்து "மொத்தம் 38 ஊசியா மாமா"ங்கீரே, கணக்குல புலிதான் போங்க! அது ஊசிக் கணக்கு இல்ல வே, நாள் கணக்கு. 0ன்னா இன்னைக்கு, போட்டாச்சு. நர்சம்மா படபடன்னு சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டிருப்பா, நீரு மாடு மாதிரி தலையாட்டிட்டு வந்திருப்பீரு. அவ மேலயும் தப்புத்தான்; கிழமைய எழுதிக் குடுத்தா பேனா தேஞ்சா போயிரும்? "நான் திருப்பிச் சொல்லுதேன், சரியான்னு பாருங்கம்மா"ன்னு கேட்டிருக்கலாம். படிச்சவருக்கு அது கொறச்சல். எனக்கென்ன, நாலு தடவ கேப்பேன். கெழவனுக்குக் காது மந்தம்னு அவளும் சொல்லிருவா.

இன்னைக்குச் செவ்வா. வர்ற வெள்ளி ஒண்ணு, அடுத்த செவ்வா ஒண்ணு, இன்னைக்க விட்டுட்டு எண்ணி நாலாவது செவ்வா ஒண்ணு. வெள்ளிக்கெழம கோயில் கொடை, கடா வெட்டுன்னு சாக்குச் சொல்லப்படாது. அந்தக் கடைசி ஊசிக்குத்தான் ஆளு வராது; புண்ணு ஆறிரும், கடிச்ச நாயே வாலாட்டும், உமக்கும் வேற சோலி வந்துரும். போகலன்னா சொல்லும், நானே உம்ம வாசல்ல வந்து கொலைக்கேன்.