நிழலை எடுக்கவும்

தொண்ணூறுகளில் டி.வி. சரித்திரத் தொடர்களுக்கு அரண்மனை கட்டுவது எளிது. சவுக்குக் கம்பில் சாரம், மேலே பிளைவுட், சூடான கம்பியால் தெர்மாகோலை அறுத்தெடுத்த யாளி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்த பூவேலை. கருங்கல் வேண்டுமா, கறுப்பையும் வெள்ளையையும் கலந்து ஸ்பாஞ்சால் ஒற்றினால் ஆயிற்று. வசனத்தில் ஆயிரங்கால் மண்டபம் இருக்கும். கையில் ஆறு தூண் இருக்கும். கேமராமேன் புண்ணியத்தில் ஆறும் அறுபதாகும். ராஜா ஆவேசம் வந்து தூணில் கைவைத்தால் தூணும் கூடவே வரும். “அண்ணே, சாயாம பேசச் சொல்லுங்க” என்று செட் அசிஸ்டென்ட் கெஞ்சுவான்.

இப்போது பச்சைத் துணிக்கு முன்னால் ராஜா நிற்கிறார். பின்னால் தஞ்சைப் பெரிய கோயில் கம்ப்யூட்டரில் எழும்புகிறது. பதின்மூன்று நிலை, 200 அடிக்கு மேல் உயரம். கல் கல்லாகப் படமெடுத்து வந்து மாடல் செய்கிறார்கள் பையன்கள். ஊர், மாதம், மணி மூன்றையும் கொடுத்தால் சூரியனும் சரியான இடத்தில் வந்து நிற்கிறது.

வம்பு அங்கேதான். சூரியன் வந்தால் நிழலும் வருமே! விமானத்தின் நிழல் தரையில் நீளமாக விழுந்தது. சேனலிலிருந்து கரெக்‌ஷன் வந்தது: “பெரிய கோயில் நிழல் கீழே விழாது. எடுக்கவும்.” சாயங்காலம் போய் நின்றால் யார் கண்ணுக்கும் தெரிகிற நிழல்தான். ஆனால் வாட்ஸ்அப்பில் விழுவதில்லையே. ‘காஸ்ட் ஷேடோ’வில் இருந்த டிக்கை எடுத்தோம். கோயில் ஓர் அடி அந்தரத்தில் மிதக்கிற மாதிரி ஆயிற்று. உடனே ஓ.கே. ஆயிற்று.

அடுத்தது நந்தி. அந்தக் காட்சி நடப்பது 1010இல். இன்று நாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிற பெரிய நந்தியோ நாயக்கர் காலத்தது. எடுத்து வைத்தோம். “நந்தி இல்லாத பெரிய கோயிலா? ஜனங்க அடிக்க வருவாங்க சார்!” ஐந்நூறு வருஷத்துக்கும் முன்னதாகவே வந்து படுத்துக்கொண்டது நந்தி.

ராஜேந்திரன் அரண்மனைக்குக் கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டைத்தான் நம்பினோம். அங்கே அகழ்ந்ததில் கிடைத்தவை செங்கல் அஸ்திவாரம், கூரை ஓடு, இரும்பு ஆணி. அதை வைத்து மரத்தூணும் ஓட்டுக்கூரையுமாக ஒரு மாளிகை செய்து காட்டினோம். “கடாரம் வரைக்கும் ஜெயிச்சவரை ஓட்டு வீட்லயா குடிவைப்பீங்க?” என்று கேட்டார்கள். கடைசியில், மதுரையில் திருமலை நாயக்கர் 1636இல் கட்டிய மஹாலின் வளைவுகள் கீழே, டெல்லிக் குவிமாடம் மேலே, மொத்தத்துக்கும் தங்க முலாம். ராஜேந்திரனே திரும்பி வந்தாலும் வாசலில் நின்று விலாசம் விசாரிப்பார்.

அன்று தெர்மாகோலைக் கல்லாகக் காட்டச் சம்பளம் கொடுத்தார்கள். இன்று கல்லைத் தெர்மாகோலாகக் காட்டக் கொடுக்கிறார்கள். சம்பளம் மட்டும் கூடியிருக்கிறது.

ஒரு விஷயத்தில் முன்னேற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போதெல்லாம் சோழன் செட்டைப் பாண்டியனுக்கு மாற்ற ராத்திரி முழுக்கப் பெயிண்ட் அடிப்போம். இப்போது ஹார்ட் டிஸ்கில் இருக்கிற அரண்மனையைத் திறந்து, புலிக்கொடியை எடுத்துவிட்டு மீன்கொடியைப் போட்டால் முடிந்தது. பாண்டிய நாட்டைப் பிடிக்க ராஜராஜன் படை திரட்ட வேண்டியிருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கிற வேலையை எங்கள் பையன் பதினொரு மணி டீக்கு முன்னாலேயே முடித்துவிடுகிறான்.