மூக்கைப் பொத்திக்கொண்டு உட்காரவும்

மும்பையின் செம்பூரிலிருந்து வாஷிக்குப் பஸ்ஸில் வருகிறவனுக்கு மோப்ப சக்தி கடவுள் கொடுத்த தண்டனை. கிளம்பும்போது உரத் தொழிற்சாலைப் பக்கத்து அம்மோனியா. மான்குர்த் நெருங்கினால் தேவ்னார் குப்பைமேடு. 2016 ஜனவரியில் அது பற்றி எரிந்த புகை விண்வெளிப் படத்திலேயே தெரிந்தது, ஆகவே அதன் புகழை நான் பாட வேண்டியதில்லை. பாலத்தில் ஏறினால் கழிமுகத்துச் சேறு. வாஷி வந்தால் ஏ.பி.எம்.சி. சந்தையின் அழுகிய வெங்காயம். ராத்திரியானால் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து பெயர் தெரியாத ஒரு ரசாயன நெடி. இத்தனையையும் தாண்டி, பஸ்ஸுக்குள்ளேயே கேஸ் வாசம் அடிக்கிறது என்று கண்டுபிடிக்கும் மூக்குக்கு ஒரு பரிசு கொடுக்கலாம். கொடுப்பது முறைப்பு.

எந்தப் பஸ், எந்த டிப்போ என்று கேட்காதீர்கள். "கேஸ் வாசம் வருதே" என்றேன். "காய் நாஹீ, பஸா" என்றார் கண்டக்டர். ஒன்றுமில்லை, உட்கார். பக்கத்து சீட்டில் இருந்த தாராவித் தமிழர் ஆறுதல் சொன்னார்: "கொஞ்ச நேரத்துல போயிடும், அண்ணே." தீயணைப்பு சிலிண்டர் இருக்க வேண்டிய வளையத்தில் ஒரு விளக்குமாறு செருகியிருந்தது. முதலுதவிப் பெட்டிக்குள் டிக்கெட் ரோலும் ஒரு பான் மசாலா பாக்கெட்டும். அவசர வழிக் கண்ணாடியை உடைக்கும் சுத்தியலின் இடத்தில் சுத்தியல் படம் மட்டும் பத்திரமாக இருந்தது.

"கொஞ்ச நேரத்துல போயிடும்" என்பது விஞ்ஞான உண்மை என்பதுதான் இதில் கொடுமை. பஸ்ஸை ஓட்டும் சி.என்.ஜி. என்ற இயற்கை எரிவாயுவுக்குச் சொந்தமாக வாசமே கிடையாது. 1937-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் வாசமில்லாத கேஸ் கசிந்து, வெடித்து, ஏறக்குறைய 300 பேர் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் அங்கே கேஸில் நாற்றத்தைக் கலப்பது கட்டாயமாயிற்று. மெர்காப்டன் என்ற வகைக் கந்தகப் பொருள், அழுகிய முட்டை நாற்றம். காற்றில் நூற்றுக்கு 5 பங்கு இந்த வாயு சேர்ந்தால் தீப்பற்றும். அதில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும்போதே மனித மூக்குக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பது கணக்கு. அதாவது காசு செலவழித்து நாற்றம் வாங்கி, கேஸில் கலந்து, உங்கள் மூக்கை அபாயச் சங்காக நியமித்திருக்கிறார்கள். சம்பளம் இல்லாத உத்தியோகம். ஆனால் அந்த மூக்கு ஒரே வாசத்தைச் சில நிமிடம் முகர்ந்தால் அலுத்து, மரத்துப்போகும். கேஸ் அங்கேயே இருக்கும், வாசம் மட்டும் "போயிடும்". நம் நிர்வாகம் முழுக்க இந்த உடற்கூறு உண்மையின்மேல்தான் நடக்கிறது.

சந்தேகமிருந்தால் 2019 செப்டம்பர் 19 ராத்திரியை நினைத்துப் பாருங்கள். செம்பூர், காட்கோபர், பவாய், அந்தேரி வரை கேஸ் நாற்றம். தீயணைப்புத் துறைக்குப் போன்மேல் போன். குழாய் கேஸ் கம்பெனியான மகாநகர் கேஸ், எங்கள் குழாயில் கசிவில்லை என்றது. உரத் தொழிற்சாலையும் எங்களிடமிருந்து இல்லை என்றது. பாதி நகரம் முகர்ந்த நாற்றத்துக்கு அப்பன் பெயர் தெரியாமலேயே விடிந்தது.

மறு வருஷம் ஜூன் 6 ராத்திரி அதே செம்பூர், அதே காட்கோபர், அதே பவாய். இந்த முறை அரசாங்கம் சுறுசுறுப்பு: 17 தீயணைப்பு வண்டிகள் தயார், பயப்படாதீர்கள், ஜன்னலைச் சாத்துங்கள், தொந்தரவு இருந்தால் ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொள்ளுங்கள். ஈரத்துணி! கொரோனாவுக்கு முகக்கவசம், கேஸுக்கு ஈரத்துணி. ஆக, நகரத்தின் சுகாதாரக் கொள்கை கைக்குட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டது. இரண்டு மாதம் கழித்து ஆகஸ்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் செம்பூர்ப் பக்கத்து மாஹுல், அம்பாபாடா காற்றைக் கெடுத்ததற்காக இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனங்களுக்கும் இரண்டு ரசாயனக் கிடங்கு நிறுவனங்களுக்கும் சேர்த்து சுமார் 286 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. வருஷக்கணக்காக "நாறுது" என்று சொன்ன மாஹுல் ஜனங்களுக்கு மூக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது.

பஸ்ஸுக்கு வருவோம். 2023 பிப்ரவரி 22 அன்று அந்தேரியில் நகரப் பஸ் கழகமான பெஸ்ட்டின் குத்தகை சி.என்.ஜி. பஸ் ஒன்று எரிந்தது. ஒரு மாதத்துக்குள் அது மூன்றாவது. அதே ரகத்து 400 பஸ்களையும் நிறுத்தினார்கள். நிறுத்தியது சரி, கும்பிடுகிறேன். முதல் பஸ் எரிந்தபோது என்ன முகர்ந்துகொண்டிருந்தார்கள்? குத்தகை ஏற்பாட்டின் அழகு இது: பஸ் காண்டிராக்டருடையது, டிரைவரும் அவருடைய ஆள், இஞ்சின் கம்பெனியுடையது, டிக்கெட் கழகத்துடையது. நுரையீரல் மட்டும் பயணியுடையது. நாற்றம் வந்தால் இந்த நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்; எரிந்தால் கமிட்டி உட்காரும்.

டீசல் பஸ்ஸில் வாசம் மண்ணெண்ணெய் மாதிரி இருந்தால் இன்னும் அடக்கமாக முகருங்கள். டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது இந்த நாட்டில் வெகுகாலம் வளமான தொழில். அதை மோப்பம் பிடித்துப் போனவர் மாலேகாவ் கூடுதல் கலெக்டர் யஷ்வந்த் சோனவணே. 2011 ஜனவரி 25, குடியரசு தினத்துக்கு முந்தின நாள், இதே மகாராஷ்டிராவில், மன்மாட் அருகே பட்டப்பகலில் அவரை எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். கலெக்டர் அந்தஸ்து மூக்குக்கே அந்தக் கதி. நாமோ நின்றுகொண்டு போகிற பஸ் பாஸ் பயணி.

ஆனாலும் சொல்கிறேன். சி.என்.ஜி. சிலிண்டரில் கேஸ் 200 பார் அழுத்தத்தில் நிற்கிறது, காரின் டயரில் இருப்பதைப் போல் ஏறக்குறைய நூறு மடங்கு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதைச் சோதிக்க வேண்டும் என்பது சட்டம்; சோதித்த தேதியைப் பொறித்த தகடு வண்டியிலேயே இருக்க வேண்டும். எங்கே என்று கேளுங்கள். கண்டக்டரைத் திட்டாதீர்கள், அவரும் அதே காற்றைத்தான் முழு ஷிஃப்டும் குடிக்கிறார். கேஸ் வாசம் என்று தோன்றினால் யாரையும் பீடி, லைட்டர் எடுக்க விடாதீர்கள், ஜன்னலைத் திறந்துவிடுங்கள், பெல் அடித்து இறங்குங்கள், மற்றவர்களையும் இறக்குங்கள். டிக்கெட் காசு போகட்டும். பஸ் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள்; முதல் போனை டிப்போவுக்குப் போடாதீர்கள், தீயணைப்புத் துறையின் 101-க்குப் போடுங்கள்.