பூனைக்கு வக்கீல்

பூனை இருக்கும் வீடுகளில் அதற்காக வாதாடவென்றே ஒருவர் இருப்பார். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய வயது. வீட்டுக்குள் பூனையே கூடாது என்று ஆரம்பத்தில் உரக்கச் சொன்னவரும் அவராகத்தான் இருப்பார். மழை நாளில் மகள் தெருவிலிருந்து குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, "ரெண்டே நாள், அப்புறம் யாருக்காவது கொடுத்துடணும்" என்று கெடு வைத்தவர். கெடு முடிவதற்குள் அதற்குச் சின்னு என்று பெயர் வைத்தவரும் அவரே.

இவரை அடையாளம் காண்பது எளிது. கறுப்புப் பேன்ட்டின் தொடைப் பகுதியில் வெள்ளை முடி அப்பியிருக்கும். சைவக் குடும்பமென்றால் சந்தேகத்துக்கே இடமில்லை. அந்தத் தெருவிலேயே மத்தி என்ன விலை என்று தெரிந்த ஒரே சைவர் இவர்தான். மீன் வேகும் பாத்திரத்துக்கும் அடுப்புக்கும் பால்கனியில் தனி இடம் உண்டு. அதைப் பற்றி வீட்டுக்குள் யாரும் பேசுவதில்லை.

பூனைமீது அன்றாடம் வரும் முதல் புகார், கூப்பிட்டால் வருவதில்லை என்பது. "சின்னு, சின்னு" என்று மனைவி தொண்டை வறளக் கூப்பிடுவார். சின்னு ஜன்னல் திண்டில் படுத்தபடி இடது காதை மட்டும் கால் அங்குலம் திருப்பும். "காதைத் திருப்பிச்சு பாரு, கேட்டுடுச்சு" என்பார் வக்கீல். அறிவியலும் இந்த ஒரு வழக்கில் அவர் பக்கம்தான். ஜப்பானில் அட்சுகோ சைட்டோ குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, வளர்ப்புப் பூனைகளுக்குத் தம் பெயரை மற்றச் சொற்களிலிருந்து பிரித்தறியத் தெரியும். எழுந்து வருவது அந்த ஆய்வின் பொருளாக இருக்கவில்லை.

விடியற்காலைத் தொல்லை அடுத்த புகார். பூனை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்கும். மீதி நேரத்தில் அதன் சுறுசுறுப்பு உச்சத்துக்குப் போவது விடியலிலும் அந்தியிலும். எலியும் பறவையும் நடமாடும் பொழுது அது. ஆகவே நாலரை மணிக்குக் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்டம், நடுவில் சோபா முதுகில் ஒரு தாவல், பிறகு படுக்கையறை வாசலில் 'மியாவ்'. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் என்று பேசிக்கொள்வது அபூர்வம். அந்தக் குரலைப் பெரும்பாலும் மனிதர்களுக்காகவே வைத்திருக்கின்றன. வக்கீலுக்கு இது தெரிந்த நாள்முதல் அவர் எழுந்துபோய்ப் பதில் சொல்கிறார். பதில் ஒரு கிண்ணத்தில் போகிறது. நாளையும் நாலரைக்கு வரலாம் என்று பூனை புரிந்துகொள்வது இப்படித்தான்.

டம்ளர் வழக்கு இதைவிடச் சிக்கலானது. மேசை ஓரத்தில் எவர்சில்வர் டம்ளர், பாதி தண்ணீரோடு. பூனை முன்னங்காலால் மெல்லத் தொடும். டம்ளர் ஒரு விரற்கடை நகரும். பூனை நிமிர்ந்து அங்கிருப்பவர் முகத்தைப் பார்க்கும். மறுபடி ஒரு தட்டு. கண்ணை எடுக்காமலே கடைசித் தட்டு. தரையில் டம்ளர் உருளும் சத்தம் அடங்குவதற்குள் அது வேறு அறையில் இருக்கும். அசையும் பொருளைக் காலால் தட்டிச் சோதிப்பது வேட்டைப் பழக்கம்; விழுந்ததும் ஆள் ஓடி வருவதைக் கண்டுகொண்டது படிப்பினை. வக்கீலின் வாதம் எப்போதும் ஒன்றே: "ஓரத்துல வச்சது யாரு?"

மெத்தைக்கும் அட்டைப்பெட்டிக்கும் இடையிலான வழக்கில் நஷ்டம் அவருக்குத்தான், ஆனாலும் மனுச் செய்வதில்லை. ஆன்லைனில் வரவழைத்த பஞ்சு மெத்தை மூலையில் கிடக்க, அது வந்த பெட்டிக்குள் பூனை மடங்கி உட்கார்ந்திருக்கும். நாலு பக்கமும் மறைவாக இருந்தால் முதுகுக்குப் பின்னால் எதுவும் வராது என்ற நிம்மதி. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014இல் காப்பகப் பூனைகளைக் கவனித்தபோது, ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்தவை புது இடத்தின் பதற்றத்திலிருந்து சீக்கிரம் தேறின.

உணவு விஷயத்தில் வக்கீலுக்குக் கொஞ்சம் கண்மூடித்தனம் உண்டு. பால் பாயசக் கிண்ணத்தைப் பூனை நக்கினால், "என்னை மாதிரியே இனிப்புப் பைத்தியம்" என்று பூரித்துப்போவார். பூனைக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரவைக்கும் மரபணு ஒன்று அந்த இனத்தில் பழுதாகிக் கிடப்பதை 2005இல் கண்டறிந்தார்கள். சின்னு தேடி வந்தது பாலின் கொழுப்பை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது என்பது மறுநாள் காலையில் வீட்டாருக்குத் தெரியவரும். துடைப்பது யார் என்பதில் மட்டும் வக்கீல் வாதாடுவதில்லை.

தலையணையில் கிடக்கும் செத்த பல்லி அவர் பார்வையில் காணிக்கை. பிடித்ததைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுவருவது பூனையின் வழக்கம், அவ்வளவே. ஆனால் அந்தப் பத்திரமான இடம் தன் தலையணை என்பதில் அவருக்குள்ள பெருமையை யாராலும் கலைக்க முடியாது.

அவர் வாயடைத்துப்போவது ஒரே இடத்தில். தொட்டியில் தானாக முளைத்த குப்பைமேனியை யாராவது பிடுங்கிப் போட்டுவிட்டால், பூனை அதன் வேரை முகர்ந்து, கன்னத்தைத் தேய்த்து, எச்சில் ஒழுக மல்லாந்து புரளும். அந்த வேரில் பூனையை மயக்கும் சத்து இருக்கிறது; செடிக்குப் பூனைவணங்கி என்றே பெயர் உண்டு. நாளுக்கு நாலு வீடியோவைக் குடும்பக் குழுவில் போடுகிறவர், அப்போது மட்டும் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார். கட்சிக்காரரின் மானம் முக்கியம்.

கடைசி வழக்கு ஆண்டுக்கொரு முறை வரும்: வெறிநோய்த் தடுப்பூசி. எந்தப் பெட்டியைக் கண்டாலும் ஏறி உட்காரும் பூனை, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகும் கூடையை மட்டும் பரணிலிருந்து இறக்கும் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடும். கட்டிலடியில் வக்கீல், கையில் துண்டோடு. டார்ச் அடிப்பது மகள். அரை மணி கழித்துக் கூடை மூடப்படும்போது அவர் முழங்கையில் மூன்று கீறல்கள் இருக்கும். டாக்டர் அதைப் பார்த்து, "பூனை கீறிடுச்சா சார்?" என்று கேட்பார்.

"இல்ல டாக்டர், கூடையோட விளிம்பு பட்டுடுச்சு" என்பார் வக்கீல்.