காக்காவுக்குப் பயப்படாமல் பறவை பார்ப்பது எப்படி?

கத்திரி வெயில் பிறந்ததும் தமிழ்நாட்டில் நடக்கும் முதல் காரியம், ‘மாடியில் ஒரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள்’ என்ற படம் வாட்ஸ்அப்பில் வந்து விழுவது. அதைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு ஃபேனுக்கு அடியில் படுத்துவிடலாம். பெரும்பாலோர் செய்வது அதுதான். அப்படியும் மனசு கேட்காமல் கொல்லையில் இறங்கத் துணிந்தவர்களுக்கே இந்தக் கையேடு.

1. பாத்திரம்

கூரை, தூண், குட்டி ஊஞ்சலோடு விற்கும் பீங்கான் கிண்ணம் வாங்கினால் ஸ்டேட்டஸ் போட வசதி. பறவைக்குத்தான் அந்த வழவழப்பில் கால் நிற்காது. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண்தட்டு போதும். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். நடுவில் ஒரு கருங்கல். பூனை பதுங்க இடமில்லாத நிழலாகப் பார்த்து வையுங்கள்.

தண்ணீரைத் தினமும் கொட்டி, தட்டைத் தேய்த்து, மாற்ற வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் மறந்தால் ஏடிஸ் கொசு முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் தாண்டிப் பறந்துவிடும். அதுவும் சிறகுள்ள ஜீவன்தானே என்று டெங்கு ஒழிப்புப் பணியாளரிடம் வாதாடிப் பார்க்கலாம்.

2. சாப்பாடு

கம்பு, தினை, நொய்யரிசி கொஞ்சமாக. நேற்றைய மிக்சரையும் நமுத்த முறுக்கையும் கொட்டிவிட்டுப் புண்ணியக் கணக்கில் எழுதக் கூடாது. உப்பும் எண்ணெயும் பறவைக்கு ஆகாது.

தினை வைத்தால் சிட்டுக்குருவி வரும் என்பது நம்பிக்கை. நகரத்தில் வருவது மாடப்புறா. முதல் நாள் ஒன்று வந்து இடம் பார்த்துவிட்டுப் போகும். மறுநாள் சம்பந்தி வீட்டாரோடு வரும். அதற்குப் பிறகு ஏ.சி. பெட்டியின் மேல்பக்கம் உங்களுடையதல்ல.

3. காகம்

அமாவாசையன்று இலையில் வடை பாயசம் வைத்துத் தொண்டை வற்றக் கூப்பிடுவீர்கள், வராது. அன்றைக்கு அதற்குத் தெரு முழுக்க அழைப்பு. மற்ற நாளில் கூப்பிடாமலே வரும்.

கோடை அதற்குக் குஞ்சு பொரிக்கும் காலமும்கூட. சுள்ளியோடு கட்டட வேலையில் சிந்திய கட்டுக்கம்பியையும் பொறுக்கி மாமரத்தில் கூடு கட்டியிருந்தால், கீழே போகிற மண்டையெல்லாம் எதிரி மண்டை. குடை பிடித்துப் போங்கள். வெயிலுக்காக என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

இத்தனை காவலையும் மீறிக் குயில் அந்தக் கூட்டில் முட்டையிட்டுவிடும். விடிகாலையில் உங்களை எழுப்பும் குரல் ஆணுடையது: உடம்பெல்லாம் கறுப்பு, கண் சிவப்பு. உடம்பில் புள்ளி போட்ட பெண் குயிலைப் பார்த்து ‘புது தினுசு பருந்து’ என்று குடும்ப குரூப்பில் அறிவிக்க வேண்டாம்.

4. அடையாளம் காணல்

நம் வீடுகளில் பறவையினம் மூன்று வகைப்படும்: காக்கா, புறா, குருவி. மிச்சமுள்ளதெல்லாம் ‘என்னமோ ஒண்ணு’. இதைத் தாண்ட விரும்புவோர் தவிட்டுக்குருவியில் தொடங்கலாம். ஆறேழாகச் சேர்ந்துதான் வரும். சருகைப் புரட்டிக்கொண்டே சண்டை போடும். சாயங்காலம் அவை குளிப்பதைப் பாருங்கள். ஒன்று தட்டில் இறங்கி, நெஞ்சை அமுக்கி, இறக்கையை உதறும். இன்னொன்று முருங்கைக் கிளையில் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் காவல் பார்க்கும். மற்றவை விளிம்பில் நெருக்கியடித்து நின்று, உள்ளே இருப்பதைச் சீக்கிரம் வரச் சொல்லித் திட்டும். ஒரே பாத்ரூம் உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்கவுரை தேவையில்லை.

5. படம் பிடித்தல்

காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையிலேயே காட்டைக் காட்டினார். உங்கள் போனுக்கு மூன்று கண். ஆனாலும் பச்சைக் கலங்கலுக்கு நடுவே ஒரு வால் மட்டுமே விழும். ‘அரிய காட்சி’ என்று எழுதிப் போடுங்கள். வால் அரிதுதான்.

6. கொல்லைப் பராமரிப்பு

இலை கொட்டுகிறதென்று வேம்பை வெட்டி, சேறாகிறதென்று சிமென்ட் பூசி, மொட்டைத் தரையின் நடுவில் பறவைக்குத் தட்டு வைப்பது இன்றைய முறை. பழைய முறை எளிது: ஒன்றும் செய்யாமல் இருப்பது. செம்பருத்தியை விட்டுவைத்தால் தேன்சிட்டு வரும். எட்டாத உயரத்துப் பப்பாளியை விட்டுவைத்தால் கொண்டைக்குருவி பார்த்துக்கொள்ளும். மூலையில் சருகு கிடந்தால் தவிட்டுக்குருவிக்குப் பந்தி. ஏன் பெருக்கவில்லை என்று வீட்டில் கேட்டால், ‘பறவைகளுக்காக’ என்று சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது.

7. பலன்

எந்தப் பறவையும் நன்றி சொல்லாது. தண்ணீர் வைத்ததற்கு ரசீது மட்டும், கொடியில் காயும் வெள்ளை வேட்டியில் கிடைக்கும். உடனே நனைத்துவிடுங்கள், காய்ந்தால் கறை போகாது.